அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை

தலைமையாசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மாவுக்கும், குழு உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் என் மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாள் இன்னும் என் கடை டிராயரில் கிடக்கிறது. ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன அரைத் தாள். "எனது மகன்/மகள் கைப்பேசி மற்றும் இணையத்தைப் பயன்படுத்துவதால் ஏற்படும் எந்த விளைவுக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல, முழுப் பொறுப்பும் பெற்றோராகிய எங்களையே சாரும் என உறுதி அளிக்கிறேன்." கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு, கைப்பேசி எண்ணுக்கு ஒரு கோடு. திங்கட்கிழமைக்குள் தராதவர்களின் பெயரைப் பிரேயரில் வாசிப்போம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை போய்விட்டது. நான் தரவில்லை, தரப்போவதும் இல்லை. ஏன் என்று கடந்த கூட்டத்திலேயே சொல்ல எழுந்தேன். "அதை அப்புறம் பார்க்கலாம், நேரமாச்சு" என்று உட்கார வைத்தீர்கள். அதனால்தான் மற்ற பெற்றோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பதினான்கு வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவேன், சார்ஜிங் பின் மாற்றுவேன், தண்ணீரில் விழுந்த போனைப் பிழைக்க வைத்துப் பார்ப்பேன். நம் பள்ளிப் பெற்றோரில் பாதிப் பேரின் போன் ஒருமுறையாவது என் மேஜையில் திறந்து கிடந்திருக்கும். என் மகள் உங்களிடம் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போனுக்குள் என்ன நடக்கிறது என்பது தகப்பனாகவும் தெரியும், கடைக்காரனாகவும் தெரியும்.

பிள்ளைகள் கையில் போன் எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஆனால் வீட்டுப்பாடமும் கேள்வித்தாளும் வாட்ஸ்அப்பில்தான் வந்தன. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் என்னிடம் முதலில் வந்த கூட்டம் பழைய போன் கேட்டு வந்த அம்மாக்கள்தான். கம்மலை அடகு வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தவர்கள் உண்டு. "பிள்ளை படிப்புக்குத் தம்பி, நல்லதாப் பார்த்துக் குடு" என்பார்கள். மூவாயிரம், நாலாயிரத்துக்கு நான் விற்ற போன்கள் அவை. போன் வாங்கித் தராவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று அப்போது எங்களிடம் சொன்னது பள்ளிதான். நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு வேறு வழி இருந்ததாக எனக்கும் தெரியவில்லை.

பள்ளி திறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் மட்டும் போகவில்லை.

நம் ஊரில் ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அப்பா கேரளாவிலோ திருப்பூரிலோ இருப்பார். அம்மா மடியில் பீடித் தட்டு. இரண்டு கையும் இலையிலும் தூளிலும் இருக்கும். ஏழரை மணிக்கு போன் "டிங்" என்னும். "அம்மா, குரூப்ல வீட்டுப்பாடம் வந்திருக்கு" என்று பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளித் திண்ணைக்குப் போகும். கரும்பலகையில் எழுதியிருக்கலாம், டைரியில் குறிக்கச் சொல்லியிருக்கலாம். நான்கு வரி விஷயம் போட்டோவாக வருகிறது. அதைப் பார்த்து எழுத பத்து நிமிஷம் போதும். போன் திரும்பி வர ஒன்பதரை ஆகும். நடுவில் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தால் கணக்கு குறையும், கணக்கு குறைந்தால் கூலி குறையும். அந்த அம்மாவிடம் போய் "முழுப் பொறுப்பும் எங்களையே சாரும்" என்று கையெழுத்து கேட்கிறீர்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புது போன் வாங்கிக் கொடுத்த கையோடு "அக்கவுண்ட் ஓபன் பண்ணிக் கொடுங்கண்ணே" என்பார்கள். பிறந்த வருஷம் கேட்கும். பிள்ளையின் உண்மையான வருஷத்தைப் போட்டால் பெற்றோர் அனுமதி அது இது என்று இழுக்கும். வாசலில் நாலு பேர் நிற்பார்கள். 1990 என்று போட்டுவிடுவேன். இப்படி எத்தனை அக்கவுண்ட் திறந்திருப்பேன் என்று கணக்கில்லை. அதன் விளைவு என்ன என்று பிறகுதான் உறைத்தது. இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அந்தக் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. ஆனால் நான் திறந்து கொடுத்த கணக்கில் நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது. முப்பத்தைந்து வயசுக்காரருக்கு யாரும் வேலி போட மாட்டார்கள். இப்போது நான் உண்மையான வருஷத்தைத்தான் போடுகிறேன், பதின்மூன்று ஆகாத பிள்ளைக்கு அந்த மாதிரி கணக்கே திறப்பதில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

இந்தத் தாள் எதனால் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியும் விட்டும்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் கடை அடைக்கும் நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு அம்மா குனிந்து உள்ளே வந்தார். போனை முந்தானைக்குள் பொத்திப் பிடித்திருந்தார். மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். "இதுல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிரு தம்பி. ஒண்ணும் இருக்கக் கூடாது. நீ பார்க்கவும் கூடாது." என்ன ஆச்சு அக்கா என்றேன். நின்றுகொண்டே அழுதார்.

நடந்தது இதுதான். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் மகளின் போட்டோ ஒன்று இருந்தது. பளிச்சென்ற போட்டோ, கீழே பெயர், வகுப்பு, ஊர். எவனோ ஒருவன் அதிலிருந்து முகத்தை எடுத்து ஆபாசப் படமாக்கிவிட்டான். இதற்கெல்லாம் இப்போது கைதேர்ந்த ஆள் வேண்டாம், ஒரு செயலி போதும். அந்தப் படத்தைப் பிள்ளைக்கே அனுப்பி, பணம் தராவிட்டால் உன் வகுப்பு குரூப்புக்கு அனுப்புவேன் என்றிருக்கிறான். பிள்ளை பயந்து பக்கத்து வீட்டு அக்கா மூலம் ஐந்நூறு ரூபாய் ஜிபேயில் போட்டிருக்கிறது. பணம் போனதும் இரண்டாயிரம் கேட்டிருக்கிறான். கொடுத்தவரிடம்தான் மேலும் கேட்பார்கள், அவர்கள் தொழிலே அதுதான். இல்லை என்றதும் படம் சில பையன்களுக்குப் போய்விட்டது. அவர்கள் அதை நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள்.

அழிக்காதீங்க அக்கா என்றேன். பயந்துபோன எந்த வீட்டிலும் முதலில் கை போவது அழிப்பதற்குத்தான். அழித்தால் அவன் தப்பிப்பான். மிரட்டிய மெசேஜ், அவன் எண், அவன் பக்கத்தின் லிங்க், பணம் போன ரசீது, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதி வாரியாக வைத்தோம். அந்தப் படத்தை மட்டும் நான் பார்க்கவும் இல்லை, எங்கும் அனுப்பவும் இல்லை. பணம் போனதற்கு சைபர் மோசடி உதவி எண் 1930. பிள்ளைக்காக குழந்தைகள் உதவி எண் 1098. சைபர்கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, பெயர் சொல்லாமல்கூட அதில் புகார் தரலாம். மறுநாள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போனோம். புகார் பதிவாகியிருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆனால் அந்த அம்மா என்னிடம் வருவதற்கு முந்தின நாளே உங்களிடம்தான் வந்தார். பள்ளிக்கூடம்தானே, படித்தவர்கள், வழி சொல்வார்கள் என்று வந்தார். ஒரு ஆசிரியர் "அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்க, என்னன்னு பார்க்கலாம்" என்றிருக்கிறார். இன்னொருவர் "போட்டோவுக்கு இப்படி நின்னா இப்படித்தான் ஆகும்" என்றிருக்கிறார். ஆண்டு விழாவுக்கு ஆட வைத்ததும் நீங்கள், போட்டோ எடுத்ததும் நீங்கள், பெயரோடு போட்டதும் நீங்கள். காவல்துறைக்குச் சொல்வது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "வெளியில சொல்லாதீங்க, பள்ளி பேரு கெட்டுடும், பிள்ளை பேரும் கெட்டுடும்" என்று அனுப்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு பிரேயரில் பேசினீர்கள், ஐயா. பெயர் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் நீங்கள் பேசிய விதத்தில் வரிசை வரிசையாகத் தலைகள் ஒரே பக்கம் திரும்பியதாக என் மகள் சொன்னாள். அந்தப் பிள்ளை பதினோரு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஃபார்வர்டு செய்த பையன்கள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்த அம்மாவுடன் அலைந்ததில் சிலவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 11-வது பிரிவில், ஒரு குழந்தையின் உடலை உண்மையாகவோ புனைந்தோ காட்டும் படத்தை ஊடகத்தில் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் பாலியல் துன்புறுத்தலாகச் சொல்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை. அது நிஜப் படம் இல்லையே என்று சமாதானம் சொல்ல அங்கே இடமே இல்லை. அதே சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது, ஆறு மாதம்வரை. "வெளியில சொல்லாதீங்க" என்று நீங்கள் சொன்னது உங்களையே சிக்கலில் விடக்கூடிய பேச்சு. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உங்களுக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பையன்கள். அவர்களையும் நம் பிள்ளைகளாகத்தான் பார்க்கிறேன். அதனால்தான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்கிற மாதிரி ஒரு உத்தரவு போட்டது. அதே வருஷம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் சொல்லாமலும் போனில் வைத்திருப்பவர்கள் சட்டத்தின் பிடிக்குள் வருவார்கள் என்று சொன்னது. ஃபார்வர்டு செய்வது அதைவிடப் பெரிய குற்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து ஆண்டுவரை. "ஜாலிக்கு அனுப்புனேண்ணே" என்று ஒரு பையன் என் கடையில் நின்று சொன்னான். அவன் அப்பா என் பழைய வாடிக்கையாளர். அவருக்கு இதெல்லாம் தெரியாது. மகன் செய்தது குற்றம் என்றே தெரியாது. அவரும் உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தத் தாளால் யாருக்கு என்ன பயன்? கையெழுத்தால் போனில் ஒரு பூட்டும் விழாது, மிரட்டுபவன் பயப்பட மாட்டான். நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு நடந்தால், "நீதானே கையெழுத்துப் போட்டாய்" என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்ப மட்டும் உதவும். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து அந்தத் தாய் உங்களிடம் வரவே மாட்டார். பிள்ளையும் தாயிடம் சொல்லாது.

கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சொன்னார். "அங்கெல்லாம் பதினாறு வயசு வரைக்கும் தடையே போட்டுட்டான்." சரிதான், 2025 டிசம்பர் 10 முதல் அங்கே அந்தத் தடை இருக்கிறது. தடை நல்லதா கெட்டதா என்று எனக்கு இரண்டு மனசு. பிள்ளைகள் வேறு சந்து கண்டுபிடிப்பார்கள் என்பது என் தொழில் அனுபவம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிள்ளைக்குத் தண்டனை இல்லை. பெற்றோருக்கும் இல்லை. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுக்காத கம்பெனிக்குத்தான் அபராதம், ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் கொஞ்சம் குறைவாக. பொறுப்பை யார் தோளில் வைப்பது என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாம் அதைப் பீடித் தட்டின்மேல் வைத்துவிட்டோம்.

போன வருஷம் "இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு" என்று ஒரு கூட்டம் போட்டீர்களே, நானும் வந்திருந்தேன். புதன்கிழமை மதியம் மூன்று மணி. பீடிக் கம்பெனிக்குக் கட்டு கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் அது. வந்தவர்கள் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒருவர் ஒன்றரை மணி நேரம் மைக்கில் பேசினார். அங்கே ஒரு பிள்ளை தூக்குப் போட்டது, இங்கே ஒரு பிள்ளை ஓடிப்போனது, போனைப் பிடுங்கி உடையுங்கள் என்றார். வெளியே வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இந்த போன்ல லாக் எப்படிப் போடறது?" அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாருமே அதைச் சொல்லவில்லை.

பெற்றோர் கேட்பது அதைத்தான். இணையத்தில் கிடைக்கும் அறிவுரையெல்லாம் வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்ல வசதிதான், ஆனால் அதற்குப் பெற்றோர் கையில் ஒரு போன், பிள்ளை கையில் தனியாக ஒரு போன் வேண்டும். நம் ஊரில் இருப்பது வீட்டுக்கு ஒரே போன். சிம் அப்பா பெயரில், ஜிபே அம்மா பெயரில், பேட்டர்ன் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஒரே போனில் என்ன செய்யலாம் என்று கடையில் வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஆண்ட்ராய்டு போன்களில் ஆப் பின்னிங் என்று ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்து, அதை மட்டும் திரையில் பூட்டிக் கொடுத்துவிட்டால், அம்மா பூட்டு நம்பரைப் போடாமல் பிள்ளை அதைவிட்டு வெளியே போக முடியாது. ஒரு தடவை செய்து காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பிடித்துக்கொள்கிறார், நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய் குரூப்ஸ் என்பதை நம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால், எவனோ ஒருவன் நம்மை எந்த குரூப்பிலும் நேரடியாகச் சேர்க்க முடியாது. தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காமல் செய்யலாம். பிளே ஸ்டோரில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு ஒரு நம்பர், பணம் செலுத்துவதற்கு முன்னால் கடவுச்சொல் கேட்கும்படி ஒரு அமைப்பு. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஒரு ஆறாம் வகுப்புப் பையன் ஒரு விளையாட்டில் டைமண்ட் வாங்குவதற்கு அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை, வரவு மெசேஜ் வந்த அன்றைக்கே தீர்த்துவிட்டான். அம்மா என்னிடம் வந்து "பேங்க்ல திருடிட்டான் தம்பி" என்றார். மெசேஜைத் திறந்து காட்டியபோது மகன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு போனுக்குப் பத்து நிமிஷம், அதற்குமேல் ஆகாது. அதன் பிறகும் எதுவும் நடக்காது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். என் மகளே போன மாதம் என் பூட்டு நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள், கடை திறந்த தேதியைத்தான் வைத்திருந்தேன். பூட்டு பாதிதான். மீதி, ஏதாவது தப்பாக நடந்தால் பிள்ளை ஓடிவந்து சொல்லுமா என்பது. அடி விழும், போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்று நினைக்கிற பிள்ளை சொல்லாது, ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் போகும். அந்தப் பயத்தை வீட்டில் நாங்கள் குறைக்கப் பார்க்கிறோம். நீங்கள் பிரேயரில் நின்று ஏற்றிவிடுகிறீர்கள்.

உங்களுக்கு வேலைச் சுமை இருக்கிறது என்பது தெரியும். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், விவரம் ஏற்றுவதற்கே ஆசிரியர்களுக்கு நேரம் போதவில்லை என்று என் கடைக்கு வரும் ஆசிரியர்களே புலம்புகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வரவேண்டும் என்று தலைமையாசிரியர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். அவ்வளவு செய்த மனிதர் இந்த அரைத் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி நான் கேட்பது.

அந்த உறுதிமொழித் தாளைத் திரும்பப் பெறுங்கள். வாங்கிவிட்ட தாள்களை அந்தந்தப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். தராத பிள்ளைகளின் பெயரைப் பிரேயரில் வாசிக்கும் பேச்சே வேண்டாம்.

வீட்டுப்பாடத்தைக் கரும்பலகைக்கும் டைரிக்கும் கொண்டுவாருங்கள். குரூப் விடுமுறை, தேர்வு, கூட்டம் போன்ற அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் ஆறு மணிக்குள். இப்போதுள்ள குரூப்பில் ஒவ்வொரு அம்மாவின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரிகிறது. அந்த எண்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு "ஹாய்" வருகிறது என்று இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி அறிவிப்பு மட்டும் போடும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. நான் வந்து அமைத்துத் தருகிறேன்.

ஃபேஸ்புக் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, ஊர் போட்ட பதிவுகளை இந்த வாரத்துக்குள் நீக்குங்கள். இனி முகம் தெரியும் போட்டோ போடுவதானால் பெற்றோரிடம் கேளுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது ஆகாதவர்களைக் குழந்தை என்கிறது, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டமாக நிற்கும் படம், கோப்பையைப் பிடித்த கை, வரைந்த ஓவியம், இவை போதும் பள்ளியின் பெருமைக்கு.

பிள்ளைகள் தயங்காமல் போய்ச் சொல்ல இரண்டு ஆசிரியர்களை நியமியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சொன்னால் என்ன செய்வார்கள் என்பதை ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படத்தைக் கேட்க மாட்டோம். திட்ட மாட்டோம். யாரிடமும் பேச மாட்டோம். பெற்றோரை அழைத்துப் பேசி, 1098-க்கும் காவல்துறைக்கும் சொல்வோம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். ஃபார்வர்டு செய்வது குற்றம் என்பதைப் பையன்களுக்குத் தனியாக, நிதானமாக, வழக்கு என்ன ஆகும் என்பதோடு சொல்லித் தாருங்கள். அவர்கள் அப்பாக்களுக்கும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு மறுபடியும் கூட்டம் வேண்டாம், முகாம் போடுங்கள். கண் பரிசோதனை முகாம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஆறு மேஜை. நானும் எங்கள் தெருவில் உள்ள இரண்டு கடைப் பையன்களும் வருகிறோம், காசு வேண்டாம். அம்மாக்கள் போனோடு வரட்டும், அமைத்துக் கொடுத்து, அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்து அனுப்புகிறோம். பிள்ளைகளும் கூட வரட்டும், அவர்களுக்குத் தெரியாமல் பூட்டுப் போட வேண்டாம். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தப் பிள்ளை. தலைமையாசிரியர் ஐயாவும் குழுத் தலைவர் அம்மாவும் அந்த வீட்டுக்கு நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பிரேயரில் வேண்டாம், ஜீப்பில் வேண்டாம், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டும் வேண்டாம். விட்டுப்போன பதினோரு நாள் பாடத்தையும் யாராவது ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இவற்றை எடுத்துப் பேசி, எது செய்வீர்கள், எது முடியாது, முடியாதென்றால் ஏன் என்பதை எழுத்தில் தாருங்கள். பதிலை என் மகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். என் எண் உங்கள் குரூப்பிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தகப்பன்